இட்டேரியில் முன்னால் ஓடியவன்

"தாத்தா, உங்களை யாரு தொரத்தறாங்க?"

லோகப்பிரியா கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. அரை டவுசரும் கேன்வாஸ் ஷூவுமாக, வேர்த்து ஒழுக வாசலில் வந்து நின்ற தம்பிதுரையைப் பார்த்துக் கேட்டாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லையாம்.

லோகப்பிரியா என் நண்பன் கதிர்வேலின் மகள். தம்பிதுரை அவனுக்குப் பெரியப்பா. நடந்தது அவருக்குத்தான். கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். கரண்ட் வருகிறபோது வரட்டும்.

விடியற்காலை மூன்று இருபது. தொண்ணூற்று நாலாம் வருஷம், கார்த்திகை மாதம். தொண்டாமுத்தூருக்கு மேற்கே ஒரு ஊர்... பேர் வேண்டாம். ஊரைத் தாண்டினால் மலையடிவாரம் வரைக்கும் ஒரு இட்டேரி போகிறது. இரண்டு பக்கமும் ஆள் உயரக் கள்ளி வேலி. நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். உள்ளே நுழைந்துவிட்டால் ஒதுங்க இடமில்லை. முன்னால் ஓடலாம், இல்லையென்றால் திரும்பி வரலாம்.

தம்பிதுரை பீளமேட்டில் ஒரு மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பத்தேழு வயது. தை மாதம் மூத்தோர் மாரத்தான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அதை ஓடி முடித்துவிட வேண்டும் என்று ஒரே ஆசை. பகலில் ஓடினால் டீக்கடையில் கிண்டல் பண்ணாமல் விடமாட்டார்கள்.

"ஏனுங்க மாமா, பிராவிடண்ட் பண்டு ஆபீஸ் அந்தப் பக்கமில்லீங்க. திரும்புங்க."

"ஆனை கீனை வருதுங்களா? சொல்லிப்போட்டு ஓடுனா நாங்களும் வருவமில்லீங்க."

அதனால்தான் இருட்டில் ஓடினார். டார்ச் எடுப்பதில்லை. மணல் தடம் வெளுப்பாகத் தெரியும், அது போதும் என்பார்.

அன்று இட்டேரிக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போனதும், முன்னால் காலடி கேட்டது.

பின்னால் இல்லை. முன்னால்.

வெறுங்கால். தப்... தப்... தப்... முப்பது அடி தள்ளி இருக்கும். ஆள் தெரியவில்லை. ஓடுகிறவருக்கு ஓடுகிறவன் சத்தம் புரியும். இளவயசு. எடை குறைவு. இடது கால் லேசாக இழுக்கிறது. மூச்சு வாய் வழியாக, விசிலடிப்பது போலப் போகிறது. தூரத்துக்கு ஓடுகிறவன் மூச்சில் கொஞ்சம் மிச்சம் வைப்பான். இவன் வைக்கவில்லை.

தம்பிதுரை எட்டிப் போட்டார். அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. முன்னால் ஒருவன் ஓடினால் பிடிக்கத்தான் கால் போகும். பாதி இட்டேரியில், பாழடைந்த ஒரு கிணற்று மேட்டில், சத்தம் நின்றுவிட்டது. அங்கே யாரும் இல்லை.

மறுநாளும் அதே நேரம், அதே காலடி. அதற்கு மறுநாளும் அப்படித்தான். பயமாக இல்லையா என்று கேட்பீர்கள். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. கிணற்று மேடு வரைக்கும் பதினான்கு நிமிஷம் ஆகிக்கொண்டிருந்தது, மூன்றே வாரத்தில் பதினொன்றரைக்கு வந்துவிட்டது. முப்பதடி இருபதாயிற்று. பத்தாயிற்று. பிறகு வாசனை அடிக்க ஆரம்பித்தது. தேங்காய் மட்டை வாசனை. வேர்வை. அதற்கடியில் துருப்பிடித்த இரும்பை நக்கினாற்போல ஒரு வாசனை...

மார்கழி பிறந்த அன்று கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டார். கையை நீட்டினார். முன்னால் இருட்டில் ஒரு குரல் சொன்னது.

"அண்ணா, உட்டுடுங்கண்ணா."

அவர் கால் நின்றுவிட்டது. அந்தக் குரலை அவருக்குத் தெரியும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரில் கிணற்று மோட்டார்கள் களவு போய்க்கொண்டிருந்தன. ஒரு ராத்திரி யாரோ ஒருவன் இட்டேரியில் ஓடுவதைப் பார்த்துத் "திருடன்" என்று கத்தினார்கள். ஊரே துரத்தியது. அவனை எட்ட யாராலும் முடியவில்லை. தம்பிதுரையால் முடிந்தது. மில்லில் வருஷா வருஷம் கப்பு வாங்கின கால். கிணற்று மேட்டில் எட்டிப் பிடித்தார். இடது கையால் தலைமுடி. வலது கையால் அவன் இரண்டு மணிக்கட்டையும் முதுகுக்குப் பின்னால் சேர்த்துப் பிடித்தார். அந்தப் பிடியை விடவில்லை. கூட்டம் வந்தது. மம்பட்டிக் காம்பு, கடப்பாரை, தென்னம் பாளை... ஈரத் துணியைக் கல்லில் அறைகிற சத்தம்.

"ஒரு கைய மட்டும் உடுங்கண்ணா. தலைல உழுகுது."

தலையை மறைத்துக்கொள்ள ஒரு கை கேட்டான். தம்பிதுரை விடவில்லை. பற்கள் தெறித்து அவர் பனியனில் பட்டன. அப்போதும் விடவில்லை. அவன் துவண்டு தொங்கின பிறகுதான் விட்டார்.

விடிந்ததும், அவன் ஓடி வந்த பக்கம் இருந்த தென்னந்தோப்பில் பார்த்தார்கள். பத்துத் தென்னை சாய்ந்து கிடந்தது. யானை லத்தி இன்னும் சூடாக இருந்தது. அவன் பேர் சென்னகிருஷ்ணன். உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பையன், தேங்காய் உரிக்க வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. யானைக்குப் பயந்து ஓடியிருக்கிறான். ஊர் கூடிப் பேசியது. உடலைத் தோப்புக்குத் தூக்கிப் போனார்கள். யானை மிதித்துச் செத்தான் என்று சொன்னார்கள். காகிதத்திலும் அப்படியே ஏறியது.

கடவுள் நம்மிடம் பெரிய காரியம் எதையும் கேட்பதில்லை. பல சமயம், பிடித்திருக்கிற கையைக் கொஞ்சம் தளர்த்து என்கிறார். நமக்கு அதுவே முடிவதில்லை.

இரண்டு நாள் தம்பிதுரை ஓடப் போகவில்லை. காரணத்தை மனைவி வள்ளியாத்தாளிடமும் சொல்லவில்லை.

"குளுருக்குப் பயந்துட்டீங்களா? மாரத்தானுக்கு நானு போகட்டுங்களா?" என்று வள்ளியாத்தாள் கேலி செய்தார். பிறகு முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தத் தடம் வேண்டாமுங்க. பள்ளிக்கூட மைதானத்துல ஓடுங்க" என்றார்.

மூன்றாம் ராத்திரி தம்பிதுரை தூங்காமல் படுத்திருந்தார். மூன்று மணி அடித்தது. நான் போகாவிட்டாலும் அவன் இந்நேரம் அங்கே ஓடுவானே என்று தோன்றியதாம். நான் போகாவிட்டாலும் அவனைப் பிடிப்பார்களே... எழுந்து ஷூவைக் கட்டினார். கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டார். சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். எதுவும் கேட்கவில்லை.

மூன்று இருபது. இட்டேரி.

முன்னால் காலடி. இந்தத் தடவை பின்னாலும் கேட்டது. நிறையக் காலடி. தடிகள் கள்ளியில் உரசுகிற சத்தம். பந்தம் எரிகிற மண்ணெண்ணெய் வாசனை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நின்றுவிடும் என்று தெரியும்.

பின்னாலிருந்து ஒருவன் மட்டும் பிரிந்து வந்தான். அலட்டிக்கொள்ளாமல் வந்தான். அவர் தோளை உரசிக்கொண்டு தாண்டிப் போனான். மில் விளையாட்டு விழாவில் கொடுத்த பனியன். முதுகில் நம்பர் ஏழு. வலது தோளில் வள்ளியாத்தாள் தைத்த ஒட்டு. நாற்பத்தைந்து வயசில் தம்பிதுரை அப்படித்தான் இருந்தார்.

துரத்தினார். உயிர் போகிற மாதிரி துரத்தினார். தன்னையே எட்ட முடியவில்லை. கிணற்று மேட்டுக்கு அவர் போய்ச் சேரும்போது பையனைப் பிடித்தாகிவிட்டது. முடி ஒரு கையில், மணிக்கட்டு ஒரு கையில். கூட்டம் சுற்றி நின்றது. அவர் அறிந்த முகங்கள். பாதிப் பேர் செத்துப் போனவர்கள். முதல் தடி இறங்கியது. பையனின் காது கிழிந்து தொங்கியது. இரண்டாவது தடி...

"ஒரு கைய மட்டும் உடுங்கண்ணா."

தம்பிதுரை நடுவில் புகுந்தார். அடி அவர் முதுகிலும் விழுந்தது. விலா எலும்பு முறிகிற சத்தம் தலைக்குள் கேட்டது. அவர் யாரையும் திருப்பி அடிக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்திருந்த அந்த வலது கையைப் பிடித்தார். அது இரும்பு மாதிரி இருந்தது. சுண்டு விரலை நிமிர்த்திப் பின்னால் மடக்கினார். பட். அடுத்த விரல். பட். ஒவ்வொரு விரலுக்கும் அவர் உடம்பு முழுக்கத் தீப்பிடித்தது. மூன்றாவது விரலுக்குப் பிறகு அவருடைய வலது கை வேலை செய்யவில்லை. இடது கையும் பல்லும்தான். கட்டை விரலைக் கடித்து விலக்கினார்.

பிடி விட்டது. முடியைப் பிடித்திருந்த கையும் கூடவே தளர்ந்தது.

"கிருஷ்ணா, ஓடு கண்ணு."

பையன் ஓடினான். தப் தப் தப்பென்று கிணற்று மேட்டைத் தாண்டி... அந்தச் சத்தம் ஒரு நாளும் தாண்டாத இடத்தைத் தாண்டி, மலைப் பக்கம் போனது. போகப் போக இடது காலின் இழுப்பு குறைந்தது. மூச்சு ஒழுங்காயிற்று. பிறகு கேட்கவில்லை. கூட்டம் இருந்த இடத்தில் கள்ளிதான் இருந்தது.

காலையில் டிவிஎஸ் பிப்டியில் தேடிப் போன கதிர்வேல்தான் அவரைப் பார்த்தான். முதுகெல்லாம் வரி வரியாகக் கன்றியிருந்தது. வாடகைக் காரில் போட்டுக் கோயம்புத்தூருக்குக் கொண்டு போனான். நான் உங்களுக்குச் சொன்னதெல்லாம் அந்தக் காரில், கண்ணை மூடிக்கொண்டு அவர் கதிர்வேலிடம் சொன்னது.

எலும்புக் கட்டுப் போடுகிற இஸ்மத் பாய் முதலில் விலாவைத் தடவிப் பார்த்தார். அப்புறம் வலது கையை எடுத்து விளக்கடியில் வைத்தார். விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தார்.

"உழுந்தா மணிக்கட்டு போகுமுங்க. தடியால அடிச்சா நசுங்கும். இது அப்படியில்லீங்க" என்றார் மெதுவாக. "அஞ்சு விரலையும் ஒவ்வொண்ணா நிமித்திப் பின்னால மடக்கி ஒடிச்சிருக்குது. கட்டை விரல்ல பல்லுத் தடம் இருக்குதுங்க. கெட்டியாப் புடிச்சிட்டிருக்கற கையப் பிரிச்சாத்தான் இப்படி ஆகும். எதைங்க புடிச்சிட்டிருந்தீங்க?"

ஒடிந்த விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து நேராக்கி, மூங்கில் தப்பை வைத்துத் துணி சுற்றினார் பாய். அத்தனை நேரமும் தம்பிதுரை ஒரு தடவைகூட முனகவில்லையாம்.