அனுஜன் சொல்லி முடிக்காத பகிடி

பெருமதிப்புக்குரிய தலைவர் ஒஸ்வால்ட் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! முன்வரிசையில் இருக்கும் அனுஜனின் தாயார் நாகேஸ்வரி அம்மா அவர்களே, தங்கை சிவானி அவர்களே! இந்த மழையிலும் வெள்ளவத்தையிலிருந்தும் வத்தளையிலிருந்தும் கொட்டாஞ்சேனைக்கு வந்து மண்டபத்தை நிறைத்திருக்கும் அன்பர்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

என் பெயர் நபீஸ். பகலில் மருந்து விற்கிறேன். மாலையில் மேடையேறிப் பகிடி சொல்லிச் சிரிக்க வைக்கிறேன். அந்தப் பைத்தியத்தில் எனக்குத் துணையாக இருந்தவர்தான் மேடைப் பகிடிக் கலைஞர் தியாகராசா அனுஜன். நெஞ்சில் சளி கட்டி, போன புதன்கிழமை எங்களை விட்டுப் போனார். "அவர்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் என்றே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த நாளிலிருந்து உடம்பு அவன் சொல் கேட்கவில்லை. நாக்கும் கேட்கவில்லை. அவன் கதைப்பது தாய்க்கும் தங்கைக்கும் மட்டும்தான் விளங்கும். வலது கையில் ஒரு விரல் மூட்டு மட்டும் அவன் நினைத்த இடத்துக்குப் போகும். அந்த மூட்டால் சக்கர நாற்காலியில் பூட்டியிருந்த டப் என்ற தொடுதிரைக் கணினியில் ஒவ்வொரு வரியாக எழுதி வைப்பான். மேடையில் ஒவ்வொரு வரியாக அழுத்துவான். டப் பேசும். அது என்ன குரல்! யாழ்ப்பாணமும் இல்லை, கொழும்பும் இல்லை. சென்னையில் இருந்து யாரோ செய்தி வாசிப்பதுபோல இருக்கும்.

அந்தக் குரலை வைத்துக்கொண்டா சிரிக்க வைத்தான்? ஆம், அதை வைத்துக்கொண்டுதான்! அவன் கலை குரலில் இல்லை, காத்திருப்பதில் இருந்தது. ஒரு வரியைச் சொல்லிவிட்டு மண்டபத்தைப் பார்ப்பான். அழுத்தமாட்டான். இன்னும் அழுத்தமாட்டான். உங்களுக்குப் பொறுமை போகிற நேரம் பார்த்து அழுத்துவான். சோதனைச் சாவடிக் கதை நினைவிருக்கிறதா? "பொலிஸ்காரர் சிங்களத்திலை பேர் கேட்டவர். டப் தமிழிலை சொன்னது. அவர் என்னைத் திரும்பியும் பாக்கேல்லை." இங்கே நிறுத்துவான். நிறுத்தி, நிறுத்தி, பிறகு: "டப்பிட்டைத்தான் ஐடென்டிட்டி காட் கேட்டவர்."

அதற்கு எத்தனை பேர் சிரித்தீர்கள்? சொல்லுங்கள், எத்தனை பேர்? சிரிக்கலாமா என்று பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தீர்கள். அவர் உங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் கைதட்டினீர்கள். எந்த விழாவிலும் சக்கர நாற்காலி வழங்குவதற்கும் நன்றியுரைக்கும் இடையில்தான் அவனுக்கு நேரம் கொடுத்தார்கள். ஒருநாள் டப்பில் எழுதிக் காட்டினான்: "மச்சான், கைதட்டுறவன் என்னைப் பாவம் பாக்கிறான். சிரிக்கிறவன்தான் நான் சொல்லுறதைக் கேக்கிறான்."

ஒரு நாள், ஒரே ஒரு நாள், கேட்டார்கள். இதே மண்டபம், இதே மேடை. பின்வரிசையில் ஒரு அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறினா. பெடியன்கள் முன்கதிரையின் முதுகில் அடித்து அடித்துச் சிரித்தார்கள். ஒருவரும் பக்கத்து முகத்தைப் பார்க்கவில்லை! அனுஜனின் கண்ணை நான் ஓரத்தில் நின்று பார்த்தேன். அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. மிஞ்சியிருந்தது கடைசிப் பகிடி. முதல் பாதியைச் சொல்லிவிட்டு வழக்கம்போல நிறுத்தினான். அவன் வாழ்க்கையிலேயே நீளமான நிறுத்தம் அது.

முடிந்துவிட்டது என்று தலைவர் நினைத்துவிட்டார். கண் கலங்க மேடைக்கு வந்தார். பொன்னாடையை விரித்துப் போர்த்தினார். அது கையையும் மூடியது, டப்பையும் மூடியது. நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினீர்கள். பொன்னாடைக்குக் கீழே அவனுடைய மூட்டு தேடிக்கொண்டிருந்தது. டப் ஏதோ சொன்னதா, இல்லையா? உங்கள் கைதட்டலில் எனக்குக் கேட்கவில்லை.

தலைவர் அவர்களே, உங்களை நான் குற்றம் சொல்லவில்லை. இல்லை, சொல்கிறேன். அன்பினால்தான் செய்தீர்கள். அதனால்தான் அவனால் கோபிக்கவும் முடியவில்லை. வீட்டுக்குப் போக வான் வண்டியில் ஏற்றியபோது ஒரே வரிதான் எழுதினான்: "நல்லாச் சிரிச்சுக்கொண்டு இருந்தவங்களடா."

இன்னொரு முறை முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. சிவானி மண்டபம் மண்டபமாக ஏறி இறங்கினா. "பாத்துச் சொல்லுறம்" என்றார்கள். அதற்குள் சளி முற்றியது. ஆஸ்பத்திரி வாட்டில் டப்பை வைத்திருக்க விடவில்லை, களவு போய்விடுமாம். பார்வையாளர் நேரம் முடிந்து தாயும் தங்கையும் வெளியேறிய பிறகு, அவன் தண்ணீர் கேட்டாலும் விளங்கிக்கொள்ள அங்கே யார் இருந்தார்கள்?

அவன் பணியைத் தொடர்வோம் என்று நான் சூளுரைக்க வேண்டிய இடம் இது. எப்படித் தொடர்வது? நேற்று நானும் சிவானியும் டப்பைப் போட்டுப் பார்த்தோம். எல்லாப் பகிடிகளையும் அது மூச்சு விடாமல் வாசித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்பது அந்த விரலுக்குத்தான் தெரியும், விரல் போய்விட்டது. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: நாங்கள் நடத்தும் மேடையில், பேசுகிறவர் தானே முடித்துக்கொள்ளும்வரை யாரும் பொன்னாடையோடு ஏற முடியாது. இதனால் அனுஜனுக்கு ஒரு பயனும் இல்லை. எனக்குத் தெரியும்.

அடுத்தது மௌன அஞ்சலி. அதற்கு முன் அந்தக் கடைசிப் பகிடியை முழுதாகச் சொல்லப் போகிறேன். சொல்லலாமா என்று நாகேஸ்வரி அம்மாவிடம் கேட்டேன். "சொல்லுங்கோ தம்பி. அவன் அதைச் சொல்லத்தானே அந்தப் பாடுபட்டவன்" என்றா. தயவுசெய்து சிரியுங்கள்.

"எனக்குப் பேச்சு வரவேணும் எண்டு அம்மா போகாத கோயில் இல்லை, வைக்காத நேர்த்தி இல்லை. கடைசியிலை இந்த டப் வந்துது. காலமை தொடங்கினால் படுக்கும்வரைக்கும் என்ரை கதைதான். இப்ப அம்மா திரும்பவும் கோயிலுக்குப் போறா. புது நேர்த்தியாம்."

...

"பிள்ளையாரே, இவன்ரை வாயைக் கொஞ்சம் மூடிவிடு."

...

ஒருவரும் சிரிக்கவில்லை.

தலைவர் அவர்களே, மௌன அஞ்சலியைத் தனியாக அறிவிக்கத் தேவையில்லை. அது தொடங்கிவிட்டது.