போணி ஆகாத நாள்

ஆறு கொயினா மாத்திரை, காய்ச்சல் மருந்து, பன்னிரண்டு காசு. பேரம் பேசத் தெரிந்தவர்களுக்குப் பத்து. ஆகவே அன்று மூவார் ஊரில், என் கடையில், ஒரு குழந்தையின் உயிர் பத்துக் காசுக்கே கிடைத்தது. கொள்ளை விலை என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது, இன்ஸ்பெக்டர் ஐயா.

கடை என்னுடையது. யாருக்கு விற்பது, எப்போது விற்பது என்பது என் விருப்பம். நீங்களும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருப்பீர்கள். அப்படியிருந்தும் நான் அந்தக் குழந்தையின் தாய் வெள்ளையம்மாவுக்கு இல்லை என்று சொல்லவில்லை. பொறு என்றுதான் சொன்னேன்.

எங்கள் குடும்பத்தில் பிள்ளைகளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே பேரம் வந்துவிடும். கடைக்கென்று சில வழக்கங்களும் உண்டு. இரவில் கல்லாப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டி, ஒரு காசுகூட விடாமல் எடுத்துவிட்டுத்தான் படுப்போம். காலையில் முதல் விற்பனை, அதாவது போணி, ராசியான கையால் நடக்க வேண்டும். தாலியறுத்தவள் கை அதற்கு ஆகாது.

வெள்ளையம்மாவின் புருஷன் ஊரெல்லாம் பரவியிருக்கும் விஷக்காய்ச்சலில்தான், ரப்பர்த் தோட்டத்தில், போன மாதம் செத்தான். அன்று நான் சாம்பிராணி போட்டு முடிப்பதற்குள் அவள் வந்து நின்றாள். தோளில் நான்கு வயது மகள் புஷ்பவள்ளி. தோட்டத்தில் மருந்து தீர்ந்துவிட்டதாம். மற்ற கடைகள் பூட்டிக் கிடந்தன.

“மொதலாளி, கொயினா ஆறு குடுங்க. கையில காசு இருக்கு.”

“இன்னும் போணி ஆகலியேம்மா. வேற யாராச்சும் வரட்டும், செத்த நில்லு.”

“யாரு வருவா மொதலாளி? ஊரே போத்திக்கிட்டுக் கெடக்கு.”

நியாயமான கேள்வி. அதனால் நானே ஒரு முக்காலியை எடுத்து வெளியே போட்டேன். அவள் உட்கார்ந்தாள். இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வேறென்ன செய்ய முடியும்? ஆள் வருவது என் கையிலா இருக்கிறது?

கஞ்சி விற்கும் சீனன் சட்டி தொங்கும் காவடியோடு போனான். “ரொக்கோ வேணுமா தவுக்கே?” என்று, அவனை முதலாளியாக்கிக் கூப்பிட்டு, சுருட்டை எடுத்துக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அவன் சட்டியும் நிறைந்தே இருந்தது.

உச்சிவேளையில் வெள்ளையம்மா ஒரு யோசனை சொன்னாள்.

“எங்கையால வேணாம் மொதலாளி. பாப்பா கையில காசக் குடுக்குறேன், அவகிட்ட வாங்கிக்குங்க. பொட்டப்புள்ள கை ராசிதானே?”

அவளும் வியாபாரம் தெரிந்தவள்தான். சிறுமியின் கை போணிக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. அந்தக் கையை நீட்டவும் வைத்தாள். ஆனால் கை கொதித்தது, ஐயா. காய்ச்சல் கையால் கல்லாவில் காசு விழுந்தால் கடை என்னாவது?

“கோவிச்சுக்காதம்மா, இன்னும் செத்த நேரம் பாப்போம்” என்றேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். அதற்குக் காசு கேட்கவில்லை.

கொயினா கொடுத்திருந்தால் பிழைத்திருக்கும் என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார்.

வெயில் தாழ்ந்தபோது குழந்தையின் முனகல் நின்றது. தூங்கிவிட்டதாக நினைத்தேன். வெள்ளையம்மா அழவில்லை. மடியில் கிடந்ததைப் பார்த்தபடியே கேட்டாள்.

“வெள்ளத்துணி ரெண்டு முழம் இருக்கா மொதலாளி?”

இருந்தது. ஆனால் மருந்துக்கு ஒரு முறை, துணிக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ள முடியுமா? போணி ஆகவில்லை என்று அதற்கும் சொன்னேன். அவள் முந்தானையைக் குழந்தையின் மேல் போர்த்திக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தாள்.

விளக்கு வைத்ததும் கல்லாவைக் கவிழ்த்தேன். இரண்டு காசு விழுந்தது. சத்தம் கேட்டு என் மனைவி கிருஷ்ணம்மா உள்ளேயிருந்து சொன்னாள்.

“விடியறப்போ சம்பான் படகுக்காரர் வந்தாருங்க. நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. நாந்தான் தீப்பெட்டி குடுத்தேன்.”

ஆக, வெள்ளையம்மா வருவதற்கு முன்பே போணி ஆகியிருந்தது. எனக்கு எப்படித் தெரியும், ஐயா? காலையில் கல்லாவைத் திறந்தபோது அந்தக் காசு கண்ணில் பட்டது உண்மைதான். முந்தின நாள் மிச்சமாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

கணக்கை எழுதிக்கொள்ளுங்கள். தீப்பெட்டி ஒன்று, வரவு இரண்டு காசு. கொயினா இருப்பு குறையவில்லை. வெள்ளைத்துணியும் குறையவில்லை. யாருக்கும் நான் பாக்கி இல்லை.