வயிற்று வரிசையில் ஒரு மணி

எப்ப ஆரம்பிச்சதுன்னு கேட்டீங்க டாக்டர். என் வீட்டுக்காரி வெளியிலதான் உக்காந்திருக்கா, அதனால கதவைக் கொஞ்சம் சாத்திக்கிறேன். எட்டு மாசம் ஆச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில ஆரம்பிச்சது. எனக்கு நாள் கிழமையெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கும்.

அவ என்ன வேலை செய்யறான்னு முதல்ல சொல்லிடறேன், அது தெரியாம இது புரியாது. கம்பியும் மணியும் வச்சு அந்தக் காலத்து மிருகம் செய்வா. டைனோசர், கோரைப்பல்லு தாடைக்குக் கீழ வரைக்கும் நீண்ட புலி, உடம்பெல்லாம் ரோமம் மூடின யானை. எல்லாம் எப்பவோ பூண்டோட அழிஞ்சு போனது. எங்க வீட்டு ஹால்ல மட்டும் ஜம்முனு நிக்குது. எலும்புக்கூடு என் வேலை. பஸ் டிப்போவுல மெக்கானிக்கா இருந்து ரிடையர் ஆனவன் நான், தடிக்கம்பி என் பேச்சைக் கேக்கும். உடம்பு அவ வேலை.

மெல்லிய கம்பியில மணி கோத்து, வளையம் வளையமா அந்தக் கூட்டு மேல மாட்டுவா. ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு கணக்கு. வயித்துக்கு அறுபத்துநாலு மணின்னா அடுத்தது அறுபத்திரண்டு, அறுபது, அப்படியே இறங்கி வால் நுனியில நாலு. முதல் நாள் சாயங்காலமே அத்தனையும் கோத்து, நம்பர் சீட்டோட கொடியில கிளிப் போட்டுத் தொங்க விட்டுடுவா. மறுநாள் குளிச்சுட்டு வந்து மாட்டுவா. ஒரு மணி குறைஞ்சாலும் அந்த இடத்துல உடம்பு கோணிக்கும். இருபது வருஷத்துல அவ ஒரு தடவைகூடத் தப்பா எண்ணினதில்லை.

போன வருஷம் ஒரு கண்காட்சி நடந்துச்சு. வெளியூர் மியூசியத்துலேர்ந்து ஒரு அதிகாரியம்மா வந்திருந்தாங்க. ஒரு ஹால் முழுக்க மிருகம் வேணும், ரெண்டு வருஷம் அங்கேயே தங்கிச் செய்யுங்கன்னு இவளைக் கூப்பிட்டாங்க. இவளுக்குத் தலைகால் புரியலை. "என்னங்க, நீங்களும் வாங்க, தங்க வீடு தர்றாங்களாம்"னு என்னையும்தான் கூப்பிட்டா. அதைச் சொல்லாம விட்டா அது இன்னொரு தப்பு. அப்ப அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "நீங்க மேடத்தோட டிரைவரா? வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்களேன்"னாங்க. இவ சிரிச்சுட்டா. கேலியெல்லாம் இல்லை, சந்தோஷத்துல இருந்தா, சிரிப்பு வந்துடுச்சு. நானும் சிரிச்சுக்கிட்டே போய் வண்டியைத் தள்ளி நிறுத்தினேன்.

இதுக்குப் போயா இப்படின்னு நீங்க நினைக்கலாம். ஊர் மாறினா அவளுக்குத் தண்ணி ஒத்துக்காது, அலைச்சல் தாங்காது, அவ நல்லதுக்குத்தான்னு நான் எனக்கே சொல்லிக்கிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவ குளிக்கப் போன நேரம், வயித்து வளையத்தோட முனையைப் பிளையர்ல நிமித்தி, ஒரு மணியை உருவிட்டு, மறுபடி மடக்கி வச்சேன். ரெண்டு நிமிஷ வேலை. அவ மாட்டிப் பார்த்துட்டு, "பாருங்களேன், எனக்கும் வயசாயிடுச்சு"ன்னு சிரிச்சா. அடுத்த வாரம் ரெண்டு வளையத்துல உருவினேன். அப்ப அவ சிரிக்கலை. அதுக்கப்புறம் ஒரு வளையத்துல ஒரு மணி கூடுதலாக் கோத்து வச்சேன். குறைஞ்சா அசதின்னு நினைப்பா, கூடினாத்தான் பயப்படுவான்னு யோசிச்சுச் செஞ்சேன்.

அவ அம்மா கடைசி மூணு வருஷம் பெத்த பொண்ணையே "யாரும்மா நீ"ன்னு கேட்டவங்க. குளிப்பாட்டி, தலை வாரி விட்டதெல்லாம் இவதான். எனக்கும் இப்படி வந்தா என்ன பண்ணுவீங்கன்னு அப்பவே என்னைக் கேட்டிருக்கா. நான் இருக்கேன்ல, பார்த்துக்கறேன்னு சொன்னேன். எங்க கை வச்சா அவளுக்கு வலிக்கும்னு எனக்குத் தெரியும் டாக்டர். தெரிஞ்சுதான் அங்க வச்சேன்.

ஒரு நாள் என்னைப் பக்கத்துல உக்கார வச்சு, சேர்ந்து எண்ணுவோம் வாங்கன்னா. எண்ணினோம். சரியா அறுபத்துநாலு இருந்தது. நான் அறுபத்துமூணுன்னேன். அவ மறுபடி எண்ணவே இல்லை. என் முகத்தைப் பார்த்துட்டு, அவ கையாலேயே இன்னொரு மணியைக் கோத்துக்கிட்டா.

அதுக்கப்புறம் பிளையரே தேவைப்படலை. அணைச்ச அடுப்பை, நீ அணைக்கலைன்னு சொல்லுவேன். பூட்டின கதவைத் திறந்து போட்டுட்டு வந்துட்டியேம்மான்னு அன்பாத்தான் சொல்லுவேன். ஒரு நாள் அவளே மியூசியத்துக்கு போன் பண்ணி, எனக்கு மறதி வந்துடுச்சு, வேற ஆளைப் பாருங்கன்னு சொல்லிட்டு, சமையல்கட்டுல போய் அழுதா. நான் நினைச்சது நடந்துடுச்சு. அன்னிக்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தலை. சாப்பிட்டேனா, மாத்துப்புடவை எடுத்தேனா, எல்லாத்துக்கும் அவ என்னைத்தான் கேட்டா. தெருவைத் தாண்டும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அது எனக்குப் பிடிச்சிருந்தது. சொல்லவே வெக்கமா இருக்கு, ஆனா பிடிச்சிருந்தது.

மியூசியத்துக்காரங்க விடலை. ஹாலைக் காலியாவே வச்சிருக்கோம், உடம்பைக் காட்டிட்டு வாங்கன்னுட்டாங்க. டாக்டர் சரின்னு சொன்னாப் போறேன்னு இவளும் ஒத்துக்கிட்டா. அப்படித்தான் உங்ககிட்ட வந்தோம்.

நூறுலேர்ந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொன்னீங்க இல்லையா. தொண்ணூத்துமூணுன்னு டக்குனு சொன்னா. அப்புறம் திரும்பி என் முகத்தைப் பார்த்தா. நான் சும்மாதான் உக்காந்திருந்தேன், புருவத்தைக்கூட அசைக்கலை. "தப்புங்களா?"ன்னு கேட்டா. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு டாக்டர். நீங்க வேற ஏதோ எழுத ஆரம்பிச்சீங்க. இல்லாத வியாதிக்கு அவ மாத்திரை முழுங்கணுமேன்னு அப்பத்தான் உறைச்சுது. அதனாலதான் அவளை வெளியில உக்காரச் சொன்னேன்.

அவளுக்கு ஒண்ணுமில்லை. ஒரு மணிகூட அவ தப்பா எண்ணலை, அடுப்பை ஒரு நாள்கூட மறக்கலை. அத்தனையும் நான் செஞ்சது. அவளை உள்ள கூப்பிட்டு, ஒண்ணுமில்லம்மா, தைரியமா இருங்கன்னு உங்க வாயால சொல்லிடுங்க. நான் செஞ்சேன்னு மட்டும் சொல்ல வேண்டாம், பாவம், தாங்க மாட்டா. சத்து மாத்திரை ஏதாவது எழுதிக் கொடுங்க, அதுல சரியாயிட்டதா நினைச்சுக்கட்டும். இனிமே அவ மணியை நான் தொட மாட்டேன், சத்தியம். வெளியூர்ல போய் ரெண்டு வருஷம் வேலை செய்யலாமான்னு உங்களைக் கேப்பா. அதுக்கு மட்டும், வீட்டுக்காரரைக் கேட்டு முடிவு பண்ணிக்கோங்கன்னு சொல்லிடுங்க.