நீலக் கிண்ணத்தில் இருந்த வலை

— சாப்பிட்டுட்டார் அண்ணே! வெண்டெல் அண்ணே, காதுல விழுதா? சாப்பிட்டுட்டார்!

— கூவாதே எதெல்கா, கையில கத்தி இருக்கு. யாரு சாப்பிட்டா? நாயா?

— என் வீட்டுக்காரர்! ஈரல் வறுத்துக் குடுத்தேன். முள்கரண்டியத் தொடவே இல்ல, ரெண்டு கையாலயும் எடுத்துத் தின்னார். மூணு துண்டு!

— அட்ரா சக்கை! அஞ்சு மாசமா ஓட்ஸ் கஞ்சியக் கிளறிக்கிட்டுக் கெடந்த எலெமேர் பன்னி ஈரல் தின்னானா? பொய் சொன்னா வாலை அறுத்துடுவேன், சொல்லிப்புட்டேன்.

— கஞ்சியும் போன வாரத்தோட நின்னு போச்சு. நேத்து முழுக்க வெந்நீர்தான். செவ்வாக்கெழம டாக்டர் எடை பாப்பாரு. அம்பது கிலோவுக்குக் கீழ இறங்கிட்டா ஆஸ்பத்திரியிலயே படுக்கவெச்சு மூக்குல குழாய் விடுவாங்களாம். நம்ம தெருவுல ரெண்டு பேர் அப்படித்தான் போனாங்க. வீடு வந்து சேர்ந்தாங்களா? இன்னைக்குத் தின்னா நாளைக்கும் தின்னுவார். எனக்கு அது போதும்.

— ஓ, அதுக்குத்தான் இந்தப் பன்னியா? நானும் யோசிச்சேன். முன்னெல்லாம் ஒரு குளிர்காலத்துக்கு முப்பது வீட்டுல பன்னி வெட்ட என்னக் கூப்பிடுவாங்க. இந்த வருசம் நீ ஒருத்திதான். மத்தவன்லாம் தோலுரிச்ச கோழி நெஞ்ச பிளாஸ்டிக் டப்பாவுல வாங்கிட்டு வந்து தண்ணியில அவிச்சுத் திங்கறான். கேட்டா கொலஸ்ட்ராலாம். பன்னிய வெட்டறவனுக்கு அந்த வார்த்தையே காதுல விழக் கூடாது.

— நாங்களும் மாத்தினோம்ண்ணே. எங்க பொண்ணு லில்லா புடாபெஸ்ட்ல இருந்து போன் போட்டுப் போட்டு உயிர எடுத்தா. பன்னிக்கொழுப்புல வதக்காதே, ரொட்டியில கொழுப்புத் தடவாதே, பருப்பு வேகவையின்னு. கெட்டது ஒண்ணும் இல்ல, படியேறினா எனக்கு மூச்சு வாங்கறது நின்னுச்சு. ஆனா இவரு அது கேட்டு நிறுத்தலை. ஆபரேஷன் ஆன மறுநாளே நிறுத்திட்டாரு. கொழுப்பு வாசனை பட்டாப் போதும், வேலி வரைக்கும் ஓடுவாரு.

— குடல் இறக்கத்துக்குத்தானே கிழிச்சாங்க?

— ஆமா. உள்ள வலை வெச்சுத் தெச்சாங்க. புது மாதிரி வலை, சிலந்தி நூலவிட மெல்லிசாம். உடம்பு அத வேத்தாளா நினைக்காதாம். சதை மெல்ல அதுக்குள்ள ஊடுருவி வளருமாம், வருசம் முடியறதுக்குள்ள வலை கரைஞ்சிடுமாம். உடம்பு வலைய நல்லாத்தான் ஏத்துக்கிச்சு. சாப்பாட்டத்தான் ஏத்துக்கல.

— வலைன்னதும் உம் புருசன் டாக்டர்கிட்டயே கேட்டானே, திஸா ஆத்து மீன் வலையா, பன்னிக் குடல் மேல படர்ந்திருக்கிற கொழுப்பு வலையான்னு! சாராயக் கடையில ஒரு வாரம் சிரிச்சோம்.

— அப்ப இருந்த மனுசன் வேற. இப்ப ராத்திரி பூரா இடது பக்கம் கைய வெச்சுக்கிட்டு ஏதோ காது குடுத்துக் கேக்கற மாதிரி உக்காந்திருக்கார்.

— சரி, தின்னுட்டான் இல்ல, இனிமே தேறிடுவான். கண்ணத் தொடச்சுக்கோ. காலையில நீ அழுததே பெரிய தப்பு. பரிதாபப்படறவங்க பக்கத்துல நின்னா பன்னி லேசுல சாவாது. கால் மணி நேரம் கத்துச்சு, எல்லாம் உன்னாலதான்.

— நான் பன்னிக்கு அழலைண்ணே.

— தெரியும்டி தாயி, தெரியும். ஈரல எப்படி வறுத்தே? வெங்காயம் தாராளமாப் போட்டியா?

— நீங்க சொன்னபடிதான். கொட்டகையில இருந்து கத்தினீங்களே, ஈரல வலையில சுத்தி வறுத்துக் குடுன்னு. வலைய மூணா வெட்டிச் சுத்தினேன், மிளகாய்ப்பொடி தூவினேன்.

— வலையில சுத்தினியா?

— ஆமா.

— கொழுப்பு வலை இங்க ஆணியில தொங்குது பாரு. இவ எப்ப வந்து எடுப்பான்னு நானும் பாத்துக்கிட்டே நிக்கறேன்.

— அப்ப கிண்ணத்துல இருந்தது? வாசப்படிக்கிட்ட, பெஞ்சு மேல, நீலக் கிண்ணத்துல? துணி போட்டு மூடி வெச்சிருந்தீங்களே... ஏன் கத்திய கீழ வெக்கறீங்க?

— அத மாட்டு டாக்டருக்குக் காட்ட எடுத்து வெச்சேன்.

— ஏன்? சீக்குப் பன்னியா?

— நீ மொதல்ல உக்காரு. இந்தப் பன்னிய எங்க புடிச்சே?

— நம்ம பன்னிக் குட்டிங்க காய்ச்சல்ல போச்சில்ல, அதுக்கப்புறம் வாங்கினது. நகரத்துக்குப் பக்கத்துல ஒரு பண்ணை. டாக்டருங்க ஏதோ பரீட்சை பண்ண வெச்சிருக்கிற பன்னிங்க. தீனி போடறவன் பின்வாசல் வழியா ஓட்டி விட்டான். இதோட வேலை முடிஞ்சுதும்மா, கொண்டு போன்னான். என்ன வேலைன்னு நான் கேக்கலை.

— நான் சொல்றேன் என்ன வேலைன்னு. நாப்பது வருசமா பன்னி வயிறு கிழிக்கிறேன், இப்படி ஒண்ணப் பாத்ததில்ல. அடிவயித்துல உள்ளங்கை அகலத்துக்கு இருந்துது. கொழுப்பு வலைன்னா தாறுமாறா இருக்கும். இது சல்லடை மாதிரி, கட்டம் கட்டமா, ஒரு கட்டம் கூடக் கோணல் இல்ல. ஓரத்துல நீல நூல் தையல். சதையோட சேர்த்து அறுத்து வெச்சேன்.

— எந்தப் பக்கம்?

— இடது பக்கம்.

— அவருக்கும் இடதுதான்.

— அவனுக்கு வெச்ச வலையும் இப்படித்தானா?

— மனுசனுக்கு வெக்கறதுக்கு முன்னாடி பன்னிக்கு வெச்சுப் பாத்தோம்னு அந்த டாக்டரே சொன்னாரு. ஐயோ அண்ணே, இது அதுவா?

— இன்னொண்ணும் சொல்றேன், பயப்படாதே. தொட்டித் தண்ணி பாறையா உறைஞ்சு கெடக்கு. வயித்தக் கிழிச்சு ஒரு மணி நேரத்துல கறி மொத்தமும் விறைச்சுப் போச்சு. அது மட்டும் சூடா இருந்துது. தொட்டுத் தொட்டுப் பாத்தேன். ஆவி வந்துக்கிட்டே இருந்துது. எனக்குப் பாக்கப் புடிக்கலை, அதான் துணி போட்டேன்.

— நானும் பாத்தேன். என் கை சில்லுனு இருக்கறதால அப்படித் தோணுதுன்னு நினைச்சேன். கொழுப்பு வலைன்னா சட்டியில உருகுமே? அது உருகலை. ஈரல இறுக்கிப் புடிச்சுக்கிச்சு, கொழந்தை விரலப் புடிக்கிற மாதிரி.

— அதையா தின்னான்? ஈரலோட சேர்த்தா?

— சேர்த்துத்தான்... இருங்க. இல்ல. மேசைக்கு அடியில பூனை ஈரல் தின்னுக்கிட்டு இருந்துது. ஒரு துண்டு கை தவறி விழுந்துருக்கும்னு நான்தான் நினைச்சேன்... மூணு துண்டும் பூனைகிட்டதான் இருந்துது அண்ணே. அவரு மேல சுத்தினத மட்டும் உரிச்சுத் தின்னிருக்கார்.

— என் போனை எங்க வெச்சேன்? டாக்டரக் கூப்பிடணும். இப்பவே.

— கூப்பிடாதீங்க! கால்ல விழறேன். கூப்பிட்டா இன்னைக்கே கொண்டு போய்க் குழாய் விட்டுடுவாங்க. எதுவா இருந்தா என்ன? அஞ்சு மாசத்துக்கப்புறம் அவரு வாயில ஒண்ணு இறங்கிச்சு. முகத்துல செவப்பு வந்துது, நான் பாத்தேன்.

— உனக்குப் புத்தி பிசகிப் போச்சா? என்ன தின்னான்னு தெரிஞ்சுதான் பேசறியா?

— எதெல்கா.

— ஐயோ! எலெமேர்! பனியில வெறுங்காலோட வந்து நிக்கறீங்களே! உள்ள போங்க.

— குளிரலை. பசிக்குது.

— பசிக்குதாம்! கேட்டீங்களா அண்ணே? அந்த வார்த்தைய அவரு சொல்லி எத்தனை நாளாச்சு!

— எலெமேர், தம்பி, இங்க பாரு. நெஞ்சுக்கறி இருக்கு, உனக்குப் புடிச்ச நாக்கு இருக்கு. இதோ, இந்தத் துண்ட வாயில போடு.

— நாறுது வெண்டெல். எல்லாம் நாறுது. காலையில எதெல்கா குடுத்தாளே, அது வேணும்.

— அது தீந்து போச்சுப்பா. ஒரு பன்னிக்கு ஒண்ணுதான்.

— நான் அந்தப் பண்ணைக்குப் போறேன் எலெமேர். தீனிக்காரன்கிட்டக் கேக்கறேன். வேற பன்னி இருந்தா இன்னைக்கே ஓட்டிக்கிட்டு வரேன். கொஞ்சம் பொறுத்துக்குங்க, சாயங்காலம் வரைக்கும்.

— அவ்வளவு தூரம் எதுக்கு?

— சட்டைய ஏன் கழட்டறீங்க? அந்தத் தையல ஏன் தடவறீங்க? வேணாம், எலெமேர், உள்ள வாங்க.

— நீ போய்ச் சட்டிய அடுப்புல வை. இன்னொண்ணு இருக்கற எடம் எனக்குத் தெரியும்.