இடம் பெயர்ந்த அடிப்பாறை

நான் முதலில் கவனித்தது ஒரு கல்லின் மேல் இருந்த நான்கு கீறல்களை. ஆனால் மேடை ஏறினால் வணக்கத்தில்தான் தொடங்க வேண்டுமாம், தொடங்குகிறேன்.

தலைமை நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றியிருக்கும் எங்கள் ஜல்லி ஆலை முதலாளி அவர்களே! ஒரே ஒரு துளையில் ஒரு மேட்டின் உள்ளத்தையே அறிந்துகொண்ட நில ஆய்வாளர் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! மேட்டடித் தெருவிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே! தோண்டும் வண்டியை ஓட்டும் என் மாமா அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

"சத்தமா பேசும்மா!" என்கிறார் பின்னால் ஒருவர். பேசுகிறேன் அண்ணா. சத்தமாகப் பேசத் தெரியாதவள் என்பதால்தான் இந்த நன்றியுரையே எனக்குக் கிடைத்தது. "அவ வாயே திறக்க மாட்டா, ரெண்டு வரியில முடிச்சிடுவா" என்று முதலாளி சொன்னது, சல்லடைச் சத்தத்தையும் மீறி என் காதில் விழுந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனாலும் எண்ணத் தெரியும். இரண்டு வரி எப்போதோ முடிந்துவிட்டது.

முதல் நன்றி பனிக்கு!

சல்லடையடியில் கல் பொறுக்கும்போதுதான் அந்தக் கீறல்களைப் பார்த்தேன். அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் நான்கு கோடுகள். ஆய்வாளர் ஐயாவிடம் காட்டினேன். "இது பனி போட்ட கீறல் பாப்பா. ஒரு காலத்துல இங்க மலை உயரத்துக்குப் பனிக்கட்டி இருந்துச்சு. அது நகரும்போது அடியில மாட்டின கல்லெல்லாம் ஒன்னோட ஒன்னு உரசிக்கிச்சு" என்றார். அருமையான பாடம்!

அந்தப் பனி ஒப்பந்தம் கேட்டதா? அடிக்கல் நாட்டியதா? ரிப்பன் வெட்டியதா? நகர்ந்தது. நகர்ந்த வழியெல்லாம் உரசியது. உரசிய வழியெல்லாம் குடைந்தது. ஒடுங்கிக் கிடந்த ஓடைப் பள்ளத்தை அகன்ற பள்ளத்தாக்கு ஆக்கியது. கல்லையும் மண்ணையும் களிமண்ணையும் தள்ளிக்கொண்டு இதுவரை வந்தது. பிறகு வெப்பம் ஏற ஏற, சுமையை இங்கே கொட்டிவிட்டு, உருகி உருகிப் பின்வாங்கியது. வீட்டைக் காலி செய்கிறவர்கள் வாசலில் குப்பையைக் குவித்துவிட்டுப் போவார்களே, அதுபோல! அந்தக் குப்பைதான் நம் மேடு. அதன் பின்னால் தேங்கிய உருகுநீர்தான் நம் ஏரி. மேட்டின் தாழ்ந்த ஓரத்தைத் தேடிப் பிடித்து வழிந்ததுதான் நம் ஆறு. அத்தனை பெரிய ஏரியைத் தாங்கி நிற்பது மலையா? மதிலா? இல்லை ஐயா, பனி விட்டுப்போன குப்பை!

இரண்டாம் நன்றி ஆய்வாளருக்கு. மேட்டின் அடியில் தோண்டினால் மேலே உள்ள ஜல்லி தானாகச் சரியும், டீசல் மிச்சம். தோண்டலாமா என்று முதலாளி கேட்டார். ஐயா துளை போட்டார். பன்னிரண்டாவது அடியில் 'ணங்' என்றது. அதற்குள் இன்னும் ஒரு சாண் இறங்குவதற்குள் சாப்பாடு வந்தது, துளை அத்தோடு நின்றது. "அடிப்பாறைதாங்க. உள்ளே மலையே உக்காந்திருக்கு, எவ்வளவு வேணா தோண்டுங்க" என்றார், வரைபடத்திலும் எழுதினார். பனி சிறு கல்லை மட்டுமா சுமக்கும், வீட்டளவுக் கல்லையும் சுமக்குமே! எனக்குப் பாடம் சொன்னவருக்கு, சாப்பாட்டின் முன்னே அது மறந்துபோனது.

சென்ற மாதம் மாமாவின் வண்டி அந்த அடிப்பாறையை உருட்டி வெளியே எடுத்தது. சிரிக்காதீர்கள்! ஐயா போட்ட துளை அதன் தலையில் அப்படியே இருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருந்த மலை இப்போது ஆலை வாசலில் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் அதன்மேல் சட்டை காயப்போடுகிறோம்.

மேட்டடித் தெருவில் கைக்குழந்தையோடு இருக்கிறாள் என் அக்கா. செவ்வாய்க்கிழமை வந்தாள். "ஊத்துத் தண்ணி கலங்கலா வருதுடி. புள்ளையைக் குளிப்பாட்டினா உடம்பெல்லாம் மண்ணு" என்றாள். மேட்டடியில் கசியும் அந்த ஊற்று என்றும் கண்ணாடி போல இருக்கும். இன்று அது கலங்குகிறது என்றால், ஏரி மேட்டுக்குள் வழி கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது. முதலாளியிடம் ஓடினேன். "மழைத் தண்ணிம்மா, போய் வேலையைப் பாரு" என்றார். மழை பெய்து நாற்பது நாள் ஆகிறது!

இன்றைய விழா எதற்கு? அதே மேட்டில் இரண்டாவது வெட்டைத் தொடங்குவதற்கு. தாய்மார்களே, பனி பல்லாயிரம் ஆண்டு பாடுபட்டுச் செய்த ஏரி காலியாக ஒரு மாலைப்பொழுது போதும். அது பாயும் வழியில் இருப்பது யார் வீடு? முதலாளி வீடா? அது ஏரியின் எதிர்க்கரையில். ஆய்வாளர் வீடா? அவர் ஊரே வேறு. உங்கள் வீடு! என் அக்கா பிள்ளையின் தொட்டில்! வரைபடத்தில் 'பாறை' என்று எழுதிவிட்டால் தண்ணீர் படித்துப் பார்த்துத் திரும்பிப் போகுமா?

"போதும், இறங்கும்மா" என்கிறார் முதலாளி. இறங்குகிறேன் ஐயா. மாமா, ஏன் சட்டைப்பையைத் தடவுகிறீர்கள்? "இன்னைக்கு வண்டி எடுக்காதீங்க மாமா" என்று காலையில் கெஞ்சினேன். "முதலாளி எடுன்னா நான் என்னடி பண்ணுவேன்?" என்றீர்கள். நியாயம்தான்; பழி உங்கள்மேல் வரக்கூடாது.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கும் பொறுக்க முடியாமல் கேட்டவர்களுக்கும் நன்றி, வணக்கம். மாமா, நீங்கள் சட்டையை அந்த அடிப்பாறைமேல் போட்டுவிட்டுக் கை கழுவப் போன நேரத்தில் வண்டிச் சாவியை எடுத்து ஏரியில் எறிந்துவிட்டேன். மாற்றுச் சாவியையும்தான்.