பார்க்காமல் வந்த பதில்

ஒப்புவித்தல் போட்டிக்குத் தலைமையேற்ற பெருந்தகை லக்ஷ்மிநாராயணன் அவர்களே! ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகர்த் தமிழ் மன்றத்தின் மூத்தோர்களே! பிள்ளைகள் தடுமாறிய இடத்திலெல்லாம் கீழிருந்து வாயசைத்துக் காப்பாற்றிய தாய்மார்களே! பரிசு பெற்ற பிஞ்சுகளே, பெறாத பிஞ்சுகளே! வணக்கம்.

மனப்பாடத்தின் மாண்பைப் பேசப் பணித்தீர்கள். விமானிகளைச் சோதிப்பது என் தொழில். மனப்பாடத்தை மதிக்கிறேன், முழுதாய் நம்புவதில்லை. தலைவர் முகம் மாறுகிறது. பொறுங்கள் ஐயா, வருகிறேன்!

புறப்படுமுன் விமானியின் கை, பழகிய வரிசையில் தானாகவே ஓடி விசைகளை அமைக்கும். அது மனப்பாடம். பிறகு ஒருவர் பட்டியலை வாசிக்க, மற்றவர் கண்ணால் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். கைக்குத் தெரிந்ததைக் கண் ஏன் மறுபடி பார்க்க வேண்டும்? கச்சிபௌலியில் மென்பொருள் எழுதும் தம்பி ஒருவர் தலையாட்டுகிறார்; நீங்கள் எழுதிய நிரலை நீங்களே சோதித்தால் பிழை தெரிகிறதா தம்பி?

பழைய பேகம்பேட்டை விமான நிலையத்தில் ஒரு காலை. கேப்டன் இருதயராஜ், ரயில்வே காலனியில் வளர்ந்து வானத்தில் நரைத்தவர். அருகே துணைவிமானி சௌம்யா. வேலை நிரந்தரமாக அன்று அவருக்குச் சோதனை. பின்னால் சோதகனாக நான். பிழை கண்டாலும் ஓடுபாதை வரும்வரை வாய் திறக்க எனக்கு அனுமதியில்லை.

சௌம்யாவின் கை ஓடியது. நடுவே கட்டுப்பாட்டுக் கோபுரம் அழைத்தது. பதில் சொல்லித் திரும்பிய கை, ஒரு விசையைத் தாண்டித் தொடர்ந்தது. ஃபிளாப்ஸ் என்னும் இறக்கை மடிப்புகளை ஐந்தாம் நிலைக்கு இறக்கும் விசை அது. அவை இறங்காவிட்டால் விமானம் எழும்பத் திணறும். பிறகு சௌம்யா பட்டியலை வாசித்தார்.

"ஃபிளாப்ஸ்?"

"ஃபைவ்," என்றார் கேப்டன், முன்னே பார்த்தபடி. ஆண்டாண்டாய்ச் சொன்ன பதில், அழகான பதில், பார்க்காத பதில்!

சௌம்யா பார்த்தார். பூஜ்யம். சொன்னால் தன் பிழை வெளிப்படும். மூத்தவரின் பிழையும் வெளிப்படும். பின்னால் பேனாவோடு நான். சத்தமில்லாமல் விசையைத் தள்ளிவிட்டால் யாருக்குத் தெரியும்?

"சார், ஜீரோல இருக்கு. நான்தான் விட்டுட்டேன்."

கேப்டன் திரும்பித் தலையசைத்தார்; பேச்சில் ஹைதராபாத் உருது கலந்தது. "ஹவ்மா... நானும் பாக்காமயே சொல்லிட்டேன். அவசரம் நக்கோ, வேணாம். முதல்லேருந்து படி."

முதலிலிருந்து படித்தார்கள். புறப்பட எங்களுக்கிருந்த முறை போய்விட்டது, காத்திருந்து பறந்தோம். தேர்ச்சி என்று எழுதினேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

சென்னையில் இறங்கும்போது ஒரு பயணி கடிந்தார்: "உங்களால என் மீட்டிங்கே போச்சு!"

"மன்னிச்சுக்குங்க சார்," என்றார் சௌம்யா. கைகூப்பி வழியனுப்பினார்.

குழந்தைகளே, மனப்பாடம் செய்யுங்கள், மகிழ்ந்து செய்யுங்கள்! ஆனால், ஒருவர் கேட்டால் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். அந்தப் பயணி இந்த அவையில் இருந்தால், ஐயா, உங்கள் கூட்டம்தான் போயிற்று, நீங்கள் வந்திருக்கிறீர்கள். அது போதும். செவி தந்த அனைவருக்கும் என் நன்றி, வணக்கம்!