மூன்றடி வெளிச்சம்

பெயரும் விலாசமும் மேலே படிவத்தில் எழுதியபடி. வயது ஐம்பத்தொன்று. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் வண்டி நேரம் அறிவிப்பது என் வேலை. என் மனைவிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, வாய் பேச வராது, கைகளால் பேசுவாள். ரெடிமேடு சட்டைக் கூடத்தில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிறாள். மின்சாமான் கடை ஒன்றில் அவள் டார்ச் திருடியதாக அக்கடை மேலாளர் கொடுத்த புகார் குறித்து ஆய்வாளர் விசாரித்ததில் நான் கூறுவதாவது:

இந்தப் பகுதியில் ஒரு மாதமாக மாலை ஆறரை மணிக்கு மின்சாரம் நின்றுவிடுகிறது. இருட்டில் என் மனைவியால் பேச முடியாது. ஆகவே தனக்கென்று ஒரு டார்ச் வேண்டுமென்று அவள் மூன்று வாரமாகக் கேட்க, நானும் நாளைக்கு, நாளைக்கு என்று கடத்தி, கடைசியில் இன்று மதியம் சுமார் இரண்டரை மணிக்கு இருவரும் மேற்படி மின்சாமான் கடைக்குப் போனோம். விற்பனையாளர் நீளமான ஒன்றை எடுத்து, "முந்நூறு மீட்டர் அடிக்கும் சார்" என்றார். "எனக்கு மூணு அடி போதும். அகலமா விழணும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

தூரம் பாயும் டார்ச்சில் ஒரு நேரத்தில் ஒரு கைதான் தெரியும். மற்ற கையும் முகமும் இருட்டில் போய்விடும், பாதி வாக்கியம்தான் கிடைக்கும். அதனால் வெளிச்சம் பரவ வேண்டும். டார்ச் பிடித்த கையால் பேச முடியாது என்பதால் அது அலமாரியில் தானாக நிற்கவும் வேண்டும், அவள் கைப்பையில் அடங்கவும் வேண்டும். இதையெல்லாம் விளக்கி, கடை வெளிச்சத்தில் சோதிக்க முடியாது என்று நான் சொன்னதன் பேரில், அவர் எங்களைச் சாமான் அறைக்குள் விட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அதன் பிறகு நான் ஒவ்வொன்றாக அடிக்க, அவள் எதிரே நின்று பேசிப் பார்த்தாள். முதலில் சட்டை, பொத்தான், ஊசி என்று சும்மா சொன்னாள். நாலாவது டார்ச் கட்டைவிரல் நீளம்தான். அதில் அவள் நெற்றி முதல் இடுப்பு வரை ஒரே சீராகத் தெரிந்தாள். இதுவே இருக்கட்டும் என்று சைகை செய்தேன். அவள் நிறுத்தவில்லை. "போன ஞாயித்துக்கிழமை பொண்ணு நாப்பது நிமிஷம் உங்ககிட்ட போன்ல பேசினா. எங்கிட்ட ரெண்டே வார்த்தை சொன்னீங்க. அவ அழுதாளா இல்லையா?" என்று கேட்டாள்.

எங்கள் மகள் வெளியூரில் இருக்கிறாள். கணவனை விட்டுவிட்டு வந்துவிடப் போவதாகச் சொல்லி அன்று அழுதாள். "அம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லுங்கப்பா" என்றாள். நான் என் மனைவியிடம் "நன்றாக இருக்கிறாளாம்" என்று மட்டும் சொல்லி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். காலை ஐந்து மணியிலிருந்து ஊரார் எல்லோருக்கும் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றி வருகிறேன். வீட்டிலும் ஒருவர் பேச்சை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. ஆகவே சாமான் அறையில் டார்ச்சை அணைத்துவிட்டேன்.

வீட்டில் சண்டை வந்தாலும் ~~சில சமயம்~~ எப்போதும் விளக்கை அணைத்துவிடுவேன். அணைத்தால் அவள் பேச்சு நின்றுவிடும். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு அவள் இருட்டில் தடவி, என் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கி, எரியவிட்டு, கதவைத் திறந்து, கடையைத் தாண்டி வாசலுக்குப் போய்விட்டாள். கோபத்தில் போனாளே தவிர, திருடிக்கொண்டு போகவில்லை. மேலாளர் மூன்று முறை "நில்லும்மா" என்று கூப்பிட்டதாகச் சொல்கிறார், கூப்பிட்டிருக்கலாம். பிறகு படியில் வைத்து அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு அது வாயைப் பொத்துவது போல. பின்னாலேயே வந்த நான், அவளுக்குக் காது கேட்காது, நாங்கள் வாங்க வந்தவர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கொஞ்ச நேரம் அந்தக் கைகள் சும்மா இருக்கட்டும் என்று நினைத்து நின்றுவிட்டேன். அதற்குள் கூட்டம் கூடி, காவலரும் வந்துவிட்டார்.

இவ்வளவையும் எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். என் மனைவிக்கும் தெரிய வேண்டும் என்று ஆய்வாளர் கூறியதால், நான் கைகளால் சொல்ல ஆரம்பித்தபோது மணி ஆறரை ஆகி மின்சாரம் நின்றது. இந்த அறைக்கு ஜன்னல் இல்லை. ஆய்வாளர் மேசையிலிருந்த புகாருக்குரிய டார்ச்சை எரியவிட்டு, கோப்புகளின் மேல் நிறுத்தி வைத்தார். வெளிச்சம் என் முகத்திலும் கைகளிலும் விழுந்தது. மகள் பேசிய நாற்பது நிமிடத்தையும் சேர்த்து, ஒன்றையும் சுருக்காமல் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு, மேலே ஓரிடத்தில் "சில சமயம்" என்று இருப்பதை அடித்துவிட்டு "எப்போதும்" என்று எழுதச் சொன்னாள். அவள் சொன்னதே சரி என்பதால், என் சம்மதத்துடன் அது திருத்தப்பட்டது.

திருத்தியபடி இதிலுள்ளவை அனைத்தும் நான் சுயநினைவோடு சொன்னவை, உண்மை. என் மனைவி இன்னும் பேசி முடிக்கவில்லை. அவள் முடித்த பிறகு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
இரவு 8.10 மணி